பழைய காலத்துப் பொங்கல் வாழ்த்து அட்டையை வீட்டில் செய்வது எப்படி? தேயிலைச் சாயம் போட்டும் ஏன் பழசு மாதிரி வரவில்லை?

கேள்வியை ஒருமுறை சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், பிறகு படிக்க வருகிறவர்களுக்கும் உதவும். உங்கள் பாட்டியின் டிரங்குப் பெட்டியில் அறுபது, எழுபதுகளில் வந்த பொங்கல் வாழ்த்து அட்டைகள் கிடைத்திருக்கின்றன. அதே சாயலில் முப்பது அட்டை கையால் செய்து சொந்தக்காரர்களுக்கு அனுப்ப வேண்டும். வீடியோ பார்த்து, வீட்டு இங்க்ஜெட் பிரிண்டரில் எடுத்த தாளைத் தேயிலை டிகாஷனில் ஊறவைத்து, ஓரங்களை மெழுகுவத்தியில் கருக்கிப் பார்த்தீர்கள். தாள் நெளிந்துவிட்டது, கலர் கரைந்துவிட்டது, ஒட்டிய ஜிகினா கையோடு வந்துவிட்டது. தேயிலையா, காப்பியா, எத்தனை நிமிடம் என்று கேட்கிறீர்கள். ஆனால் நீங்கள் உண்மையில் கேட்டது கடைசி வரியில் இருக்கிறது: “என்ன செய்தாலும் பழசாகத் தெரியவில்லை, பழசு வேஷம் போட்ட மாதிரி இருக்கிறது.” அதற்குத்தான் இந்தப் பதில். டிகாஷன் விஷயத்தையும் பின்னால் சொல்கிறேன்.

நான் சிவகாசியில் ஓர் ஆஃப்செட் அச்சகத்தில் பிளேட் பகுதியில் தொழில் கற்றவன். பிறகு பல வருடங்களாக மதுரையில் கல்யாணப் பத்திரிகை, வாழ்த்து அட்டைகளுக்கு ஸ்க்ரீன் பிரிண்டிங் செய்து வருகிறேன். எனக்குத் தெரிந்தது தாளும் மையும் எழுத்தும். ஓவியம் வரையத் தெரியாது, அதனால் எதை வரையலாம் என்பதில் என் பேச்சைக் கேட்காதீர்கள்.

முதலில் அந்த டிரங்குப் பெட்டி அட்டைகளில் ஒன்றை எடுத்து வெயில் வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். தாள் முழுக்க ஒரே மாதிரி பழுப்பாகவா இருக்கிறது? இருக்காது. ஓரத்தில் ஒரு விரல் அகலத்துக்குப் பழுத்திருக்கும், மடிப்பின் வெளிப்பக்கம் அழுக்கேறியிருக்கும், நடுப்பகுதியும் உள்பக்கமும் ஓரளவு வெளிறியே இருக்கும். காரணம் எளியது. மலிவான அட்டையில் மரக்கூழின் லிக்னின் (மரத்தில் இயல்பாக இருக்கும் ஒரு பொருள்) நீங்காமல் இருக்கும். காற்றும் வெளிச்சமும் பட்டால் அது பழுப்பாகும், தாளில் இருக்கும் அமிலம் அதை விரைவுபடுத்தும். கட்டுக்கட்டாக அடுக்கி வைத்த அட்டைக்குக் காற்று ஓரம் வழியாகத்தான் நுழையும், அதனால் பழுப்பும் ஓரத்திலிருந்தே உள்ளே போகும். தாளை டிகாஷனில் முக்கினால் இதற்கு நேர்மாறாக, நடுவிலும் ஓரத்திலும் ஒரே சாயம் ஏறும். அதோடு ஓரத்தையும் கருக்கிவிட்டால் சினிமாவில் வரும் புதையல் வரைபடம் மாதிரிதான் இருக்கும். பொங்கல் வாழ்த்தை யாரும் நெருப்பில் காட்டி அனுப்பியதில்லை.

இன்னொன்று, இதுதான் முக்கியம். அந்த அட்டை கடையில் தொங்கியபோது பழுப்பாக இல்லை. பளிச்சென்று, கண்ணைப் பறிக்கிற ரோஸும் மஞ்சளுமாக இருந்தது. அதைப் பார்த்ததும் நமக்குப் பழசு என்று தோன்றுவதற்கு அழுக்கு பாதிக்கூடக் காரணமில்லை. அச்சடித்த விதமும் கலர்களின் எண்ணிக்கையும் எழுத்தின் வடிவமும்தான் காரணம். அழுக்கைத் துடைத்துவிட்டால்கூட அது அறுபதுகளின் அட்டை என்று தெரியும். எனவே முதலில் முடிவு செய்யுங்கள்: 1965-ல் புதிதாக வாங்கிய அட்டை மாதிரி வேண்டுமா, 1965-ல் வாங்கி இன்றுவரை பெட்டியில் கிடந்தது மாதிரி வேண்டுமா? இரண்டும் வேறு வேலை. என் யோசனை, முதலாவதைச் செய்யுங்கள். அது சரியாக வந்துவிட்டால் இரண்டாவதற்கு ஓரத்தில் நாலு தீற்றல் போதும். முதலாவது வராமல் இரண்டாவதை மட்டும் செய்தால் வேஷம்தான் மிஞ்சும்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் உண்டு. ‘விண்டேஜ் கார்டு’ என்று தேடினால் வரும் சணல் கயிறு, அரக்கு முத்திரை, லேஸ் துணி, பழைய சாவிப் படம் எல்லாம் வேறு ஊர்ப் பழசு. லண்டனில் 1843-ல் ஹென்றி கோல் என்பவர் ஓவியர் ஹார்ஸ்லியைக் கொண்டு ஒரு கிறிஸ்துமஸ் அட்டை போட்டார். கல்லச்சில் கோடுகளை அடித்து, கலரைக் கையால் தீட்டியது. வியாபாரத்துக்கு வந்த முதல் கிறிஸ்துமஸ் அட்டை என்று அதைத்தான் சொல்வார்கள். லேஸும் அரக்கும் அந்த விக்டோரியா காலத்துச் சாயலின் மிச்சம். அழகுதான், நான் குறை சொல்லவில்லை. பொங்கல் பானையைச் சுற்றிச் சணல் கயிறு கட்டினால் இரண்டில் எதுவுமாக இல்லாமல் போகும், அவ்வளவுதான்.

நம் அட்டைகளின் குடும்பம் வேறு. மும்பையில் 1894-ல் ராஜா ரவிவர்மா தொடங்கிய அச்சகத்தின் சாமி படங்களிலிருந்து தொடங்கும் வரிசை அது. பிறகு கோவில்பட்டியில் கொண்டையராஜுவும் அவருடைய சீடர்களும் வரைந்த காலண்டர் படங்கள். தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் லேபிள் அடிப்பதற்காக வளர்ந்த சிவகாசி லித்தோ அச்சகங்கள் அந்தக் காலண்டர்களை அடித்தன. பொங்கல் அட்டையில் நீங்கள் பார்க்கும் கொழுகொழு கன்னமும் பின்னாலிருந்து அடிக்கும் ஒளிவட்டமும் தொடுவானத்தில் ஒரு கோவில் கோபுரமும் அந்தக் காலண்டர் ஓவியத்தின் சொத்து. நடிகர் படம் போட்ட அட்டை என்றால் கறுப்பு வெள்ளைப் புகைப்படத்தை வெட்டி, முகத்துக்கு மேல் கலர் ஏற்றி, முட்டை வடிவச் சட்டத்துக்குள் வைத்திருப்பார்கள். உங்கள் கையில் இருக்கும் அட்டை இதில் எந்த வகை என்று பார்த்துக்கொண்டு, அதை மட்டும் பின்பற்றுங்கள். இரண்டையும் கலக்க வேண்டாம்.

இப்போது ஒரு பூதக்கண்ணாடியை எடுத்துக்கொள்ளுங்கள். நகைக்கடையில் வைத்திருப்பார்களே, அது இன்னும் நல்லது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் புள்ளிகள் தெரியும். மஞ்சள், ரோஸ், நீலம், கறுப்பு என்று நாலு புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்திருக்கும். அவை சரியாக உட்காராத இடத்தில் பானையின் விளிம்புக்கு வெளியே மெல்லிய ரோஸ் கோடு ஒன்று துருத்திக்கொண்டிருக்கும், மறுபக்கம் வெள்ளைக் கீற்று விட்டிருக்கும். அச்சகத்தில் இதை ரிஜிஸ்டர் சேரவில்லை என்போம். அன்று ஒவ்வொரு கலரும் தனித்தனியாக மெஷினில் ஏறி இறங்கியது, ஈரக்காற்றில் தாள் கொஞ்சம் நீளும், அடுத்த கலர் தள்ளி உட்காரும். ஃபோர்மேனிடம் திட்டு வாங்கித்தந்த அந்தக் குறைதான் இன்று நம் கண்ணுக்குப் பழைய அச்சு என்று சொல்கிற முதல் அடையாளம். கம்ப்யூட்டர் பிரிண்டில் இது கிடையாது, அதனால்தான் எத்தனை டிகாஷன் ஊற்றினாலும் ஒட்டவில்லை.

வீட்டில் இதைச் செய்ய ஒரு வழி சொல்கிறேன். மூன்று கலர் போதும்: எலுமிச்சை மஞ்சள், ரோஸ், நீலம். ஆரஞ்சு, பச்சை, ஊதா எதையும் வாங்காதீர்கள். படத்தைக் கோட்டுச் சித்திரமாக எளிமைப்படுத்தி, ஓஎச்பி ஷீட் எனப்படும் கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் தாள் மூன்றில் மூன்று வெட்டச்சுகளை (ஸ்டென்சில்) பிளேடால் வெட்டிக்கொள்ளுங்கள், கலருக்கு ஒன்று. மேசையில் எல் வடிவத்தில் ஒரு தடித்த அட்டையை ஒட்டி வையுங்கள், ஒவ்வொரு தாளும் ஒவ்வொரு ஷீட்டும் அந்த மூலையில் வந்து முட்டி நிற்க வேண்டும். முதலில் முப்பது தாளிலும் மஞ்சளை மட்டும் ஸ்பாஞ்சால் ஒற்றி எடுங்கள். காய்ந்ததும் முப்பதிலும் ரோஸ். அதற்குப் பிறகு நீலம். வெளிர் கலர் முதலில், அடர் கலர் கடைசியில் என்பது மாறக் கூடாது.

செங்கரும்பை எடுத்துக்கொள்ளுங்கள், இந்த மூன்று கலருக்கென்றே செய்த பொருள் அது. தோகைக்கு மஞ்சளின் மேல் நீலம் ஏறினால் பச்சை வந்துவிடும். தண்டுக்கு ரோஸின் மேல் நீலம் ஏறினால் அந்தக் கருஞ்சிவப்பு ஊதா தானாக வரும். கணுவில் நீலத்தை மட்டும் ஒற்றாமல் விட்டால் அங்கே ரோஸ் கோடாகத் தெரியும், கணு தனியாக வரைய வேண்டியதில்லை. சூரியனுக்கு மஞ்சள் வட்டத்தின் அடிப்பாதியில் மட்டும் ரோஸை லேசாக ஒற்றி மேலே போகப் போகக் குறைத்தால், பழைய அட்டையில் இருக்கும் அந்த மஞ்சளிலிருந்து ஆரஞ்சுக்கு இறங்கும் சூரியன் கிடைக்கும். அன்று அச்சகத்தில் ஒரே மைத்தொட்டியில் ஒரு பக்கம் ஒரு கலரும் மறுபக்கம் இன்னொன்றும் ஊற்றி ரோலரிலேயே கலக்கவிட்டு இதைச் செய்வது உண்டு. நீலம் ஏற்றும்போது ஷீட்டை மூலையிலிருந்து அரை மில்லிமீட்டர் தள்ளி வையுங்கள். அதற்கு மேல் தள்ளினால் தெரிந்தே செய்தது என்று காட்டிக்கொடுத்துவிடும். ஒவ்வோர் அட்டையிலும் கொஞ்சம் வேறு மாதிரித் தள்ளினால் இன்னும் இயல்பு.

இதில் ஒரு நிபந்தனை இருக்கிறது. மை ஒளி ஊடுருவுகிறதாக இருக்க வேண்டும். போஸ்டர் கலர் கீழே உள்ளதை மூடிவிடும், நீலம் நீலமாகவே நிற்கும், பச்சை வராது. ஸ்க்ரீன் பிரிண்டிங் சாமான் விற்கும் கடையில் தண்ணீர் மையோடு கலக்க நிறமில்லாத மீடியம் என்று கேட்டால் தருவார்கள். ஒரு பங்கு மைக்கு இரண்டு மூன்று பங்கு மீடியம் கலந்து துண்டுத் தாளில் பாருங்கள். எந்தக் கம்பெனி மைக்கு எத்தனை பங்கு என்பதை அடித்துப் பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும், யார் சொன்னாலும் நம்பாதீர்கள், நான் சொன்னாலும். ஸ்பாஞ்சில் மை குறைவாக இருக்கட்டும், நிறைய இருந்தால் ஷீட்டுக்கு அடியில் கசியும். கொஞ்சம் வறட்டையாக ஒற்றும்போது விழும் சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளிகளைத் திருத்த வேண்டாம். கடைசியாகக் கோடு வேண்டுமென்றால் சுத்தக் கறுப்பைத் தவிர்த்து, கறுப்பில் கொஞ்சம் பிரவுன் கலந்து இழுங்கள்.

இவ்வளவு பொறுமை இல்லை, ஸ்கேன் எடுத்துப் பிரிண்ட் போட்டால் போதும் என்றால் அதற்கும் வழி இருக்கிறது. 600 டி.பி.ஐ.யில் ஸ்கேன் எடுங்கள். அச்சுப் புள்ளியும் ஸ்கேனர் புள்ளியும் மோதி அலை அலையாகக் கோலம் விழும், ஸ்கேனர் மென்பொருளில் டீஸ்க்ரீன் என்று ஒரு தேர்வு இருந்தால் அதைப் போட்டால் குறையும். பிரிண்ட் லேசர் பிரிண்டரில் எடுங்கள். லேசரில் இருப்பது மை அல்ல, சூட்டில் உருகித் தாளில் ஒட்டும் பிளாஸ்டிக் தூள். தண்ணீர் பட்டால் ஒன்றும் ஆகாது. உங்கள் வீட்டு இங்க்ஜெட்டில் கலர் மட்டும் கரைந்து கறுப்பு நின்றது என்று எழுதியிருந்தீர்கள். பல வீட்டுப் பிரிண்டர்களில் கறுப்பு பிக்மென்ட் (தண்ணீரில் கரையாத நிறத்தூள்) மையாகவும் கலர் சாய மையாகவும் இருக்கும், சாய மை தண்ணீரில் போய்விடும். உங்களுடையதிலும் அதுதான் நடந்திருக்க வேண்டும்.

தாளைப் பற்றி. இன்றைய ஜெராக்ஸ் தாள் கொஞ்சம் நீலம் பாய்ந்த வெள்ளையாக இருக்கும். வெண்மையைக் கூட்ட ஒளிரும் ரசாயனம் சேர்ப்பதுதான் காரணம். கள்ளநோட்டு பார்க்கும் புறஊதாக்கதிர் விளக்கை அதன் மேல் அடித்தால் டியூப்லைட் வெளிச்சமாக ஒளிரும். அந்த வெள்ளையின் மேல் எதை அடித்தாலும் இன்றைக்கு அடித்ததாகத்தான் தெரியும். காகிதக் கடையில் ‘நேச்சுரல் ஷேட்’ அல்லது ஐவரி நிற, கோட்டிங் இல்லாத அட்டை, 250 முதல் 300 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) என்று கேளுங்கள். அங்கேயே அந்த விளக்கை அடித்துப் பார்த்து வாங்கலாம், கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பரவாயில்லை. பளபள ஆர்ட் போர்டு வேண்டாம், ஸ்பாஞ்சு மை அதில் உட்காராது, மடிப்பிலும் வெடிக்கும். புதுச்சேரியில் செய்யும் கைக்காகிதம் பஞ்சுத் துணிக் கழிவிலிருந்து வருவது, மரக்கூழ்த் தாளைவிட நெடுநாள் நிற்கும், கையில் எடுத்தால் விட மனசு வராது. ஆனால் அதன் பிசிறு ஓரம் சிவகாசி அட்டையில் இருந்ததில்லை. அதைக் கவருக்கு வைத்துக்கொள்ளுங்கள். கரூர் பக்கம் காகிதபுரத்தில் அரசு ஆலை கரும்புச் சக்கையிலிருந்து தாள் செய்கிறது. கரும்புப் பண்டிகைக்குக் கரும்புத் தாள் என்று உள்பக்கக் கடிதத்துக்கு அதைப் பயன்படுத்தலாம், என் சொந்த ஆசை இது, காரணம் கேட்காதீர்கள்.

மடிப்புக்கு ஒரு வார்த்தை. அட்டைக்கு நார் ஓட்டம் உண்டு. இரண்டு பக்கமாகவும் லேசாக வளைத்துப் பாருங்கள், எந்தப் பக்கம் சுலபமாக வளைகிறதோ அந்தத் திசையில் மடிப்பு விழ வேண்டும். எதிர்த்திசையில் மடித்தால் முதுகு வெடித்து வெள்ளையாகப் பல்லிளிக்கும். எழுதாத பால்பாயின்ட் பேனாவால் ஸ்கேலை வைத்து ஒரு கோடு அழுத்தி இழுத்துவிட்டு மடியுங்கள்.

அடுத்தது எழுத்து. படத்துக்கு அவ்வளவு உழைத்துவிட்டுக் கம்ப்யூட்டரில் கைக்கு வந்த ஃபான்ட்டைப் போட்டு எல்லாவற்றையும் கெடுத்துக்கொள்வதை நிறையப் பார்க்கிறேன். தமிழ்நாட்டில் 1978-ல்தான் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு அரசாணை வந்தது. பெரியாரின் இதழ்கள் 1935 முதலே புது எழுத்தில் அடித்தன, மற்ற அச்சகங்களின் டைப் கேஸில் (அச்செழுத்துகளை வைக்கும் பெட்டியில்) இருந்தது பழைய வடிவம்தான். ணை, லை, ளை, னை என்ற நான்குக்கும் இன்று முன்னால் தனியாக நிற்கும் குறி அன்று எழுத்தோடு ஒட்டி மேலே வளைந்திருக்கும். ணா, றா, னா என்ற மூன்றுக்கும் தனிக் கால் கிடையாது, எழுத்தின் கடைசிக் கோடே கீழே சுழிந்து முடியும். வேடிக்கை என்னவென்றால், ‘பொங்கல் நல்வாழ்த்துக்கள்’ என்ற வரியில் மாறிய எழுத்து ஒன்றுகூட இல்லை, அதை எப்படி எழுதினாலும் தப்பித்துவிடுவீர்கள். உள்ளே ‘சென்னை’ என்றோ ‘அன்னை’ என்றோ ‘அண்ணா’ என்றோ எழுதும்போதுதான் மாட்டிக்கொள்வோம். பாட்டியின் அட்டையில் அந்த எழுத்துகள் இருந்தால் அதைப் பார்த்தே கையால் எழுதுங்கள். தலைப்பெழுத்துக்கு அன்றும் டைப் பயன்படுத்தாமல் ஓவியரே தூரிகையால் எழுதியது நிறைய உண்டு, அதனால் கையெழுத்து கொஞ்சம் கோணினாலும் காலத்துக்குப் பொருந்தும்.

முகவரியிலும் காலம் தெரியும். பின்கோடு 1972 ஆகஸ்ட் 15-ல் வந்தது, அதற்கு முன் ‘சென்னை-17’ என்பதோடு முடிந்துவிடும். மாநிலத்தின் பெயர் தமிழ்நாடு என்று நடைமுறைக்கு வந்தது 1969 ஜனவரி 14, அதுவும் பொங்கலை ஒட்டியே. இதையெல்லாம் அட்டையின் பின்புறத்தில் சின்னதாக ஒரு பொய் அச்சக முகவரி போட ஆசைப்படுகிறவர்களுக்காகச் சொல்கிறேன். கவரின் மேல் எழுதும் உண்மை முகவரியில் பின்கோடு கட்டாயம் போடுங்கள்.

இனி டிகாஷன். படம் லேசரில் எடுத்ததாகவோ தண்ணீருக்குக் கரையாத மையில் அடித்ததாகவோ இருந்தால் மட்டும் இதைத் தொடுங்கள். பாலும் சர்க்கரையும் இல்லாத கெட்டி டிகாஷன் வேண்டும், சர்க்கரை இருந்தால் பிசுபிசுப்பும் எறும்பும் நிச்சயம். தாளை முக்காதீர்கள். பஞ்சை நனைத்துப் பிழிந்து, ஓரத்திலிருந்து உள்நோக்கி ஒரு விரல் அகலம் மட்டும் தடவுங்கள். உள்ளே வர வர ஈரம் குறையட்டும், இல்லாவிட்டால் சாயம் நின்ற இடத்தில் கோடு விழுந்துவிடும். முன்பக்கம் தடவியதும் பின்பக்கத்திலும் அதே இடத்தில் தடவ வேண்டும். காரணம் இதுதான்: நனைந்த நார் உப்பும், ஒரு பக்கம் மட்டும் உப்பினால் தாள் மறுபக்கம் வளையும். பிறகு அச்சில்லாத வெள்ளைத் தாள்களுக்கு நடுவே அடுக்கி, மேலே கனமான புத்தகங்களை வைத்து ஓர் இரவு விட்டுவிடுங்கள். செய்தித்தாளுக்கு நடுவே வைத்தால் அதன் மை ஒட்டும். இஸ்திரி போட வேண்டுமென்றால் பட்டர் பேப்பர் மேலே வைத்துக் குறைந்த சூட்டில், ஏனென்றால் லேசர் தூள் சூட்டில் மறுபடி இளகும். பழுப்புப் புள்ளிகள் வேண்டுமானால் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷைத் தொட்டு ஒருமுறை தெறிக்கவிடுங்கள், ஒருமுறை மட்டும்.

மஞ்சள் தூள் போடலாமா என்று யாரோ உங்கள் கேள்விக்குக் கீழே எழுதியிருந்தார். வேண்டாம், வெயிலில் வெளுக்கும், சோப்புக் கை பட்டால் சிவக்கும். கடுக்காய்த் தண்ணீரில் ஆணி போட்டு ஊறவைத்தால் கறுப்பு வரும் என்பதும் உண்மைதான், கலம்காரித் துணியின் கறுப்பே கடுக்காயும் இரும்பும் சேர்ந்ததுதான். ஆனால் காகிதத்தில் இரும்புச் சாயம் காலப்போக்கில் நாரைத் தின்றுவிடும். எலுமிச்சைச் சாறு தடவி அடுப்பில் காட்டுவது தாளை உடனே மொறமொறப்பாக்குவதைத் தவிர எதற்கும் உதவாது.

தேயிலை, காப்பி இரண்டுமே லேசான அமிலம். அமிலம் தாளை நாள்பட நொறுங்கவைக்கும், பக்கத்தில் இருக்கும் தாளுக்கும் பரவும், இது இரண்டும் உறுதி. நீங்கள் செய்யும் அட்டை எத்தனை வருடம் தாங்கும் என்பதை அப்படி உறுதியாகச் சொல்ல வழியில்லை. தாளையும் வைக்கிற இடத்தின் ஈரத்தையும் பொறுத்தது. வாழ்த்து அட்டைக்கு அது பெரிய கவலையும் இல்லை. ஆனால் சாயம் போட்ட அட்டையைப் பாட்டியின் அட்டைகளோடும் பழைய போட்டோக்களோடும் ஒரே ஆல்பத்தில் மட்டும் வைக்காதீர்கள். சாயம் போட்ட இடத்தில் பேனா மை பரவுகிறது என்றால், தாளின் மேலிருந்த பசைப்பூச்சு ஈரத்தில் விட்டுப்போயிருக்கிறது. மெல்லிய ஜெலட்டின் கரைசலை ஒரு பூச்சுப் பூசிக் காயவிட்டால் சரியாகும். கஞ்சி பூசினாலும் மை நிற்கும், ஆனால் வெள்ளிப்பூச்சிக்குக் கஞ்சி என்றால் விருந்து.

ஜிகினா உதிர்ந்ததற்குக் காரணம் பசை அல்ல, பசை காய்ந்த பிறகு தூவியதாகத்தான் இருக்கும். ஃபெவிகாலில் கொஞ்சமே கொஞ்சம் தண்ணீர் கலந்து மெல்லிய பிரஷ்ஷில் பானையின் விளிம்பு, பொங்கும் நுரை, சூரியக் கதிர் இந்த மாதிரி இரண்டு மூன்று இடத்தில் மட்டும் கோடு இழுத்து, ஈரம் இருக்கும்போதே தூவி, மேலே தாள் வைத்து விரலால் அழுத்துங்கள். ஒரு நாள் காயவிட்டுப் பிறகு தட்டுங்கள். பழைய சாயலுக்கு வெள்ளி நிறத்தில் கொஞ்சம் பருமனான தூளே பொருந்தும், ஏழு கலர் மினுமினுப்பு இன்றைய சரக்கு. தங்க நிறத்துக்கு அன்று ஈர மையின் மேல் வெண்கலத் தூள் தூவுவார்கள். செம்பும் துத்தநாகமும் கலந்த தூள் என்பதால் அது தானாகவே கறுத்துப் பழசாகும். வாங்கினால் முகக்கவசம் போட்டுக்கொண்டு தூவுங்கள், குழந்தைகள் கையில் தர வேண்டாம்.

சட்டம் பற்றியும் ஒரு சொல். ஓவியர் இறந்து அறுபது ஆண்டுகள் வரை பதிப்புரிமை உண்டு. கொண்டையராஜு காலமானது 1976-ல், எனவே அவர் ஓவியங்களுக்குக் கணக்குப்படி 2036 முடியும் வரை இருக்கிறது. சொந்தக்காரர்களுக்கு முப்பது அட்டை அனுப்புவதற்கு யாரும் வழக்குப் போட மாட்டார்கள். விற்கிற யோசனை இருந்தால் பழைய படத்தை ஸ்கேன் எடுக்காமல் சொந்தமாக வரைந்துகொள்ளுங்கள். நடிகர்களின் முகத்தைப் போடுவது இன்னும் சிக்கலானது, அதை வக்கீலிடம் கேளுங்கள், அச்சடிக்கிறவனிடம் கேட்காதீர்கள்.

அளவுக்கு, ஏ4-ல் பாதியை மடித்த அளவு போதும். 300 ஜி.எஸ்.எம். அட்டையில் அது ஒன்பதரை கிராமுக்குக் கொஞ்சம் குறைவு, கவரோடு சேர்ந்தாலும் தபாலின் முதல் படியான 20 கிராமுக்குள் அடங்கும். மேலே மேலே ஒட்டினால் தாண்டிவிடும். அந்தக் காலத்தில் வாழ்த்து அட்டைக் கவரை ஒட்டாமல் மூடியை உள்ளே செருகி புக் போஸ்ட்டில் அனுப்புவார்கள், கட்டணம் குறைவு என்பதால். நீங்கள் செருகிய மாதிரி தெரிய வைத்து, உள்ளே ஒரு சொட்டுப் பசை வைத்துவிடுங்கள். மார்கழி தொடக்கத்திலேயே முதல் அட்டையை முடித்து, மற்றதை உறையில் போடும் முன் அதை உங்கள் முகவரிக்கே ஒருமுறை தபாலில் அனுப்பிப் பாருங்கள். மடிப்பு, மை, ஜிகினா மூன்றில் எது தேறவில்லை என்பது திரும்பி வரும் கவரைத் திறந்ததும் தெரிந்துவிடும், மீதி இருபத்தொன்பதைத் திருத்த அப்போதும் நாள் இருக்கும்.